தீராத அடிவயித்து வலியோட வேலைக்கு வர்றவங்களுக்கு ஆபீஸ் என்ன பண்ணலாம்: புது டிஎல் (டீம் லீடர்), ஹெச்ஆர் ஆளுங்களுக்கு

புதுசா டிஎல் ஆகி லீவு அப்ரூவ் பண்ற பட்டன் இப்பத்தான் கைக்கு வந்திருக்கவங்க, அம்பத்தூர் எஸ்டேட்ல சின்ன கம்பெனி ஒன்னுல ஹெச்ஆர், அட்மின், பேரோல் எல்லாத்தையும் ஒரே ஆளா பார்க்கறவங்க, தி.நகர் ஜவுளிக்கடைல ஃப்ளோர் சூப்பர்வைசரா ஏறினவங்க, இது உங்களுக்குத்தான். உங்க டீம்ல ஒரு பொண்ணு மாசத்துல ஒன்னு ரெண்டு நாள் காலைல ஏழு மணிக்கு "உடம்பு முடியல"ன்னு மெசேஜ் போடறாங்க, காரணம் கேட்டா ஒரு தடவை ஃபீவர், அடுத்த தடவை ஃபுட் பாய்சன், அதுக்கப்புறம் பாட்டி சீரியஸ். டிமிக்கின்னுதான் உங்களுக்கு முதல்ல தோணும். டிமிக்கியாவும் இருக்கலாம்தான், ஆனா பாதி கேஸ்ல உண்மையான காரணத்தை உங்ககிட்ட சொல்ல வாய் வராமத்தான் இந்த ஃபீவர் கதை எல்லாம். அதுக்காக லீவு தேதியெல்லாம் எக்ஸெல்ல போட்டு "ஓஹோ, 28 நாளைக்கு ஒருதடவை வருதே"ன்னு துப்பறியற வேலையும் வேண்டாம், அது அதைவிட அசிங்கம்.

இந்த விஷயத்துல எல்லாரும் மாட்டிக்கிற இடம் ஒன்னுதான், நோய் பேரு என்னன்னு தெரிஞ்சாதான் எதையும் பண்ண முடியும்னு நினைச்சு டாக்டர் சர்டிஃபிகேட்டுக்காக காத்துக்கிட்டிருப்பாங்க. உங்களுக்கு பேரு தேவையே இல்ல. வேலைல எந்த மணி நேரம் கஷ்டம், எந்த வேலை கஷ்டம்னு தெரிஞ்சா போதும், அதை மாத்தறது உங்க கைல இருக்கு, நோயை மாத்தறது டாக்டர் கைல.

முதல்ல இந்த வலி என்னன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க

தொப்புளுக்குக் கீழ, அடிவயிறு, இடுப்புக்கூடு பக்கம் ஆறு மாசத்துக்கு மேல விடாமலோ விட்டு விட்டோ வர்ற வலியை டாக்டருங்க க்ரானிக் பெல்விக் பெயின்னு சொல்வாங்க. பின்னாடி காரணம் பலது. கர்ப்பப்பையோட உள்பக்க சவ்வு மாதிரியான திசு வெளியில ஓவரி மேல, குடல் மேல, யூரின் பை மேல எல்லாம் வளர்ற எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம், பிள்ளை பெறும் வயசுல இருக்கறவங்கள்ல சுமார் 10 சதவீதம், உலகம் முழுக்க ஏறக்குறைய 19 கோடி பேருக்கு இது இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது, அதனால முப்பது பொண்ணுங்க இருக்கற ஃப்ளோர்ல யாருக்குமே இல்லைன்னு நினைக்காதீங்க. கர்ப்பப்பை தசைக்குள்ளயே அந்தத் திசு போற அடினோமயோசிஸ் இருக்கலாம், பழைய ஆபரேஷனுக்கப்புறம் உள்ள உறுப்புங்க ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டதா இருக்கலாம், யூரின் பை வலி, குடல் அடிக்கடி தொந்தரவு பண்ற ஐபிஎஸ் (IBS), இடுப்புத்தளத் தசை இறுகிப்போறது, இதெல்லாம் ஒன்னுமேல ஒன்னா சேர்ந்தும் வரும். ஆம்பளைங்களுக்கும் வரும், ப்ராஸ்டேட் பக்கம், ரொம்ப நேரம் உட்கார்ந்தா ஜாஸ்தியாகும், அவங்க இதை யார்கிட்டயும் சொல்றதே இல்ல, அதனால பாலிசி எழுதும்போது "பெண் ஊழியர்"னு மட்டும் போட்டு கதவை அடைச்சுடாதீங்க.

மேனேஜருக்கு ஞாபகம் இருக்க வேண்டியது கொஞ்சம்தான். ஸ்கேன் நார்மல்னு வந்தா வலி இல்லைன்னு அர்த்தம் இல்ல, எண்டோமெட்ரியோசிஸ் பல பேருக்கு சாதாரண அல்ட்ராசவுண்ட்ல தெரியாது, கண்டுபிடிக்கவே வருஷக்கணக்கா ஆகுது. உள்ள எவ்வளவு பரவியிருக்குங்கறதுக்கும் எவ்வளவு வலிக்குதுங்கறதுக்கும் நேர் கணக்கு கிடையாது, கொஞ்சமா இருக்கறவங்க துடிக்கிறதும் உண்டு. பீரியட்ஸ் நாள்ல மட்டும்தான் வரும்ங்கறதும் இல்ல. அப்புறம், நல்லா இருக்கற நாள்ல நல்லாத்தான் இருப்பாங்க, கேன்டீன்ல சிரிச்சுப் பேசுவாங்க, வெள்ளிக்கிழமை டீம் அவுட்டிங் வருவாங்க, திங்கக்கிழமை எழுந்திரிக்க முடியாது. ரெண்டுமே நிஜம்.

முதல் பேச்சு

இதுக்கு மீட்டிங் இன்வைட் அனுப்பாதீங்க, "டிஸ்கஷன் ரிகார்டிங் யுவர் லீவ்ஸ்"னு ஒரு இன்வைட் வந்தா அன்னைக்கு ராத்திரி அவங்க தூங்க மாட்டாங்க. தனியா, பத்து நிமிஷம், கண்ணாடி கேபின் இல்லாத இடமா பார்த்து, அவங்களுக்கு வேணும்னா ஒரு லேடி ஹெச்ஆர் கூட இருக்கலாம்னு முன்னாடியே சொல்லிடுங்க. ஆரம்பிக்கறது இப்படி இருக்கட்டும்:

"லீவு ஏன் போட்டீங்கன்னு கேட்க வரலங்க. காரணம் எனக்கு வேணாம், சொல்லணும்னு தோணினா சொல்லுங்க, இல்லைன்னாலும் பரவால்ல. வேலைல எந்த நேரம், எந்த வேலை ரொம்ப கஷ்டமா இருக்கு, அதை மட்டும் சொன்னீங்கன்னா என்னால என்ன மாத்த முடியும்னு பார்க்கறேன்."

இதுக்கப்புறம் வாயை மூடிக்கிட்டு இருங்க, அதுதான் கஷ்டம். பெரும்பாலும் முதல்ல "ஒன்னும் இல்ல சார், மேனேஜ் பண்ணிக்கிறேன்"னுதான் வரும். அன்னைக்கே சொல்லணும்னு இல்லைன்னு விட்டுடுங்க, ரெண்டு நாள் கழிச்சு சாட்ல "சார், காலைல லாகின் பண்ணி முதல் ரெண்டு மணி நேரம்தான் முடியல, அப்புறம் மாத்திரை கேட்டுடும்"னு ஒரு வரி வரும். அந்த ஒரு வரி உங்களுக்கு ஆயிரம் ரிப்போர்ட்டை விட உபயோகம், ஏன்னா ஒன்பது மணி ஷிஃப்டை பதினொன்னு ஆக்கினா மாசத்துல பாதி லீவு குறைஞ்சுடும்.

சொல்லக் கூடாதது: "கல்யாணம் ஆனா சரியாயிடும்", "ஒரு குழந்தை பெத்துக்கிட்டா எல்லாம் போயிடும்" (போகாது, கர்ப்பம் இதுக்கு வைத்தியம் இல்ல), "எங்கம்மா இந்த வலியோட வயக்காட்டுக்கே போவாங்க", வெறும் வயித்துல வெந்தயம். எல்லாம் அவங்க வீட்ல கேட்டு முடிச்சாச்சு. மாத்திரையும் நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க. தமிழ்நாட்டு கார்மென்ட் யூனிட்கள்ல சூப்பர்வைசருங்க பேரு எழுதாத மாத்திரையை பீரியட்ஸ் வலிக்கு கொடுத்து வேலை வாங்கினதை 2019ல தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் வெளியில கொண்டு வந்துச்சு. நம்ம எல்லார் டிராயர்லயும் கிடக்கற மெஃப்டால்ல இருக்கற மெஃபனாமிக் ஆசிட் பத்தியே 2023 கடைசில இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன் எச்சரிக்கை விட்டிருக்கு, அரிதா கடுமையான அலர்ஜி வரும்னு. முதலுதவிப் பெட்டில மாத்திரை இருந்தா அதை டாக்டரோ நர்ஸோ பார்த்துக்கட்டும்.

என்ன மாத்தலாம், வேலையைப் பொறுத்து

கால் சென்டர்ல பெரிய பிரச்சினை டாய்லெட். ஹெட்செட்டைக் கழட்டி எழுந்தா சிஸ்டம்ல ஆக்ஸ் (கால் எடுக்கலங்கற ஸ்டேட்டஸ்) போடணும், ப்ரேக் நிமிஷம் ஓட ஆரம்பிக்கும், அட்ஹியரன்ஸ் (ஷெட்யூல்படி சீட்ல இருந்தாங்களாங்கற ஸ்கோர்) இறங்கும், சாயங்காலம் ஃப்ளோர்ல எல்லார் முன்னாடியும் டேஷ்போர்டுல சிவப்பா தெரியும். யூரின் பை வலி இருக்கறவங்களுக்கு மணிக்கு ஒரு தடவை எழுந்தாகணும், அடக்கி வெச்சா வலி ஏறும், அதனால அவங்க என்ன பண்ணுவாங்கன்னா தண்ணியே குடிக்க மாட்டாங்க, யூரின் திக்காகி அந்தப் பையை இன்னும் எரிய வைக்கும். ஷெட்யூல் போடற டபிள்யூஎஃப்எம் ஆளுங்ககிட்ட பேசி அந்த நிமிஷங்களை ஷ்ரிங்கேஜ்ல (கால் எடுக்காத நேரம்னு டீமுக்கே முன்கூட்டி ஒதுக்கற கணக்கு) சேர்த்துட்டு தனி ஸ்கோர்ல இருந்து எடுத்துடுங்க, பேரு போடாம "மெடிக்கல்"னு ஒரு கோட் போதும். சீட்டை டாய்லெட் பக்கத்துல மாத்துங்க. முடிஞ்சா மோசமான நாள்ல வாய்ஸ்ல இருந்து சாட் அல்லது பேக் ஆபீஸ் வேலை கொடுங்க, வலியோட "ஹவ் மே ஐ ஹெல்ப் யூ"ன்னு சிரிச்ச குரல்ல சொல்றது சாதாரண விஷயம் இல்ல.

ஐடி ஆபீஸ்ல மோசமான நாள் வீட்லேருந்து வேலைங்கறது பாதி பிரச்சினையைத் தீர்த்துடும், ஆனா அதை "முன்னாடி நாளே அப்ரூவல் வாங்கணும்"னு வெச்சா உபயோகமே இல்ல, வலி முன்னாடி நாள் மெயில் போட்டுட்டு வராது. காலைல எட்டரைக்குள்ள ஒரு மெசேஜ், அவ்வளவுதான் ரூல்னு வைங்க. ஸ்டாண்டப் மீட்டிங்ல நிஜமாவே நிக்க வெக்கிறதை விடுங்க.

யாரும் யோசிக்காத ஒன்னு பயணம். ஓஎம்ஆர்ல மெட்ரோவுக்குத் தோண்டினதுல இருந்து ரோடு எப்படி இருக்குன்னு உங்களுக்கே தெரியும், கம்பெனி டெம்போ ட்ராவலர்ல கடைசி வரிசை சீட்டுல உட்கார்ந்து சோழிங்கநல்லூர்ல இருந்து சிறுசேரி போனா நல்லா இருக்கறவங்களுக்கே முதுகு போயிடும், அடிவயித்துல வலி இருக்கறவங்களுக்கு ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரும் ஒரு குத்து. ட்ரான்ஸ்போர்ட் டீம்கிட்ட சொல்லி முன் சீட்டை அவங்களுக்கு ஃபிக்ஸ் பண்ணுங்க, பிக்கப்ல கடைசி ஆளா ஏத்தி ட்ராப்ல முதல் ஆளா இறக்கற மாதிரி ரூட் போட முடியுமான்னு கேளுங்க (ராத்திரி ட்ராப்ல தனியா கடைசி ஆளா லேடி ஸ்டாஃப் இருக்கக் கூடாதுன்னு இருக்கற ரூலுக்கும் இது ஒத்துப்போகும்). இதுக்கு ஒரு பைசா செலவு கிடையாது.

கடைல வேலை பார்க்கறவங்க கதை வேற. ரங்கநாதன் தெருவுலயோ புரசைவாக்கத்துலயோ காலைல பத்துல இருந்து ராத்திரி ஒன்பதரை வரைக்கும் நின்னே ஆகணும்ங்கற பழக்கம். 2021ல தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஊழியருக்கு உட்கார இருக்கை கொடுத்தே ஆகணும்னு கொண்டு வந்தாச்சு, அதனால ஸ்டூல் போடறது நீங்க காட்டற கருணை இல்ல, சட்டம். ஸ்டூல் இருக்கு, ஆனா உட்கார்ந்தா ஓனர் கேமராவுல பார்த்து ஃபோன் பண்றாருன்னா அது இல்லாத ஸ்டூல்தான், அந்த ஃபோனை நீங்க எடுத்துப் பதில் சொல்லுங்க. இன்னொன்னு யூனிஃபார்ம். புடவை யூனிஃபார்ம் கடைகள்ல பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டி பதினோரு மணி நேரம் நிக்கணும், வயிறு உப்பற நாள்ல அந்த நாடா பதியற இடத்துலதான் வலியே. அன்னைக்கு மட்டும் எலாஸ்டிக் வெச்ச பேன்ட், சுடிதார்னு அதே கலர்ல அனுமதிச்சா போதும். மேல் மாடிக்கு பண்டல் தூக்கற வேலையை அவங்ககிட்ட இருந்து எடுத்துடுங்க, பில்லிங்ல உட்கார வைங்க.

ஹீட்டிங் பேடுக்கு ஃபெசிலிட்டி டீம் ஃபயர் சேஃப்டின்னு நோ சொல்வாங்க, அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ரப்பர் ஹாட் வாட்டர் பேக், பேன்ட்ரி வெந்நீர், சிக் ரூம் சாவி கேட்டவுடனே கிடைக்கிறது, இது போதும். சிக் ரூம்ல பழைய மானிட்டரும் தீபாவளி கிஃப்ட் பாக்ஸும் அடுக்கி வெச்சிருந்தா இன்னைக்கே காலி பண்ணுங்க.

லீவு கணக்கு

இங்க கொஞ்சம் நிதானமா படிங்க. கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல வர்ற இடங்கள்ல, ஐடி கம்பெனியும் பெரும்பாலும் இதுலதான் வரும், வருஷத்துக்கு சிக் லீவு 12, கேஷுவல் லீவு 12, ஒரு வருஷம் முடிச்சவங்களுக்கு சம்பளத்தோட விடுமுறை 12. மாசம் ரெண்டு நாள் படுத்துட்டா வருஷத்துக்கு 24, சிக்கும் கேஷுவலும் அதோட காலி, தங்கச்சி கல்யாணத்துக்கோ சாதாரண சளிக்கோ ஒன்னும் மிச்சம் இல்ல, அதுக்கப்புறம் எல்ஓபி, அதாவது சம்பளம் பிடிக்கற லீவு. அதனாலதான் அரை நாள், ரெண்டு மணி நேரம்னு துண்டு துண்டா எடுக்கற வசதி இவங்களுக்கு ரொம்ப முக்கியம், முழு நாள் லீவு தேவைப்படற இடத்துல பாதி நாள்ல முடிஞ்சுடும்.

பீரியட்ஸ் லீவுன்னு தனியா தமிழ்நாட்டுல தனியார் கம்பெனிகளுக்கு சட்டம் இல்ல. பீகார்ல 1992ல இருந்து அரசு ஊழியருக்கு மாசம் ரெண்டு நாள் இருக்கு, கர்நாடகா கேபினெட் 2025 அக்டோபர்ல மாசம் ஒரு நாள்னு ஒப்புதல் கொடுத்துச்சு, 2024ல சுப்ரீம் கோர்ட் இது அரசாங்கம் கொள்கையா முடிவு பண்ண வேண்டியதுன்னு சொல்லிடுச்சு. ஆனா சட்டம் வரட்டும்னு உட்கார்ந்திருக்கத் தேவையில்ல, சொமேட்டோ 2020லயே வருஷத்துக்கு 10 நாள்னு தானா கொண்டு வந்தாங்க. என் கருத்து, பீரியட்ஸ் லீவு நல்லதுதான், ஆனா இந்த வலிக்கு அது மட்டும் பத்தாது, ஏன்னா வலி அந்தத் தேதிக்குள்ள நிக்காது, ஆம்பளைங்களுக்கு அதுல இடமும் இல்ல. அதோட ஒவ்வொரு தடவையும் "எனக்கு பீரியட்ஸ்"னு சிஸ்டம்ல க்ளிக் பண்ணணும்னா பாதி பேர் க்ளிக்கே பண்ண மாட்டாங்க. பொதுவா "ஹெல்த் டே"ன்னு ஆறோ எட்டோ நாள் காரணம் கேட்காம கொடுங்க.

சம்பளம் மாசம் 21,000க்குள்ள இருந்தா இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) இருக்கும். சிக்னஸ் பெனிஃபிட் சம்பளத்துல 70 சதவீதம், வருஷத்துல 91 நாள் வரைக்கும், இஎஸ்ஐ டாக்டர் சர்டிஃபிகேட் வேணும், அதுக்கு முந்தின ஆறு மாச கணக்குல குறைஞ்சது 78 நாளுக்கு கான்ட்ரிப்யூஷன் போயிருக்கணும். இதுல ஒரு சிக்கல் இருக்கு, புதுசா ஒவ்வொரு தடவை லீவு ஆரம்பிக்கும்போதும் முதல் ரெண்டு நாளுக்கு காசு வராது, அப்ப மாசம் ரெண்டு நாள் படுக்கறவங்களுக்கு இஎஸ்ஐல கைக்கு ஒன்னும் வராது. ஆபரேஷன் பண்ணி மூணு வாரம் ரெஸ்ட்னா அப்பத்தான் உதவும். கே.கே. நகர், அயனாவரம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரில காட்டலாம்னு சொல்லுங்க. இஎஸ்ஐயும் இல்லாத கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு எழும்பூர் மகப்பேறு ஆஸ்பத்திரி இருக்கு, 1844ல ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி, டெலிவரிக்கு மட்டும்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டிருக்காங்க, மகளிர் நோய் பிரிவும் அங்கேயே உண்டு. இஎஸ்ஐ சிக்னஸ் பெனிஃபிட்ல இருக்கற ஆளை அந்த சமயத்துல வேலையை விட்டுத் தூக்கவோ தண்டிக்கவோ கூடாது. 2025 நவம்பர்ல நாலு லேபர் கோடும் அமலுக்கு வந்துட்டதால பழைய சட்டப் பிரிவு நம்பரைப் போட்டு லெட்டர் டைப் பண்றதுக்கு முன்னாடி கன்சல்டன்ட்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க.

அட்டெண்டன்ஸ் போனஸை மறந்துடாதீங்க, ஒரு நாள் லீவு போட்டா மாசம் முழுக்க இன்சென்டிவ் போயிடும்னு இருந்தா அவங்க வலியோட வந்து மெஷின் முன்னாடி நிப்பாங்க, தையல் மெஷின்ல தலை சுத்தி விரல் மாட்டினா அப்புறம் யார் பதில் சொல்றது.

எழுதி வைங்க

வாய்ப் பேச்சா இருக்கற வரைக்கும் இது உங்க தயவு, நீங்க லீவுல போனா செல்லாது. ஒரு மெயில், ஏழெட்டு வரி: ஷிஃப்ட் பதினொன்னுல இருந்து எட்டு, மோசமான நாள் வீட்லேருந்து வேலை, எட்டரைக்குள்ள மெசேஜ், டாய்லெட் ப்ரேக் ஸ்கோர்ல சேராது, கேப்ல முன் சீட், மூணு மாசம் கழிச்சு திரும்பப் பேசறோம். காரணம்ங்கற வரில "மெடிக்கல்", அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். அனுப்பறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட காட்டி சரின்னு வாங்குங்க, சிசில ஹெச்ஆர் ஒருத்தர் மட்டும். ஸ்கேன் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் உங்க ஃபோன்ல வாட்ஸ்அப்ல வாங்காதீங்க. அப்படியே வந்தாலும் டவுன்லோட்ஸ்ல கிடக்க விடாதீங்க.

எண்டோமெட்ரியோசிஸ் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல இருக்கற 21 வகைல வராது, அதனால "சட்டத்துல இல்லையே"ன்னு மேல இருக்கறவங்க யாராவது கேட்பாங்க. ஒரு ஆளை இழந்துட்டு புது ஆளை எடுத்து மூணு மாசம் ட்ரெய்னிங் கொடுக்கற செலவை எழுதிக் காட்டுங்க, சட்டத்தை விட அது சீக்கிரம் புரியும்.

மத்தவங்க கேட்டா

கேட்பாங்க. "அவளுக்கு மட்டும் என்ன ஸ்பெஷல்?" இதுக்கு உங்க பதில் ஒன்னே ஒன்னு, "அது அவங்களுக்கும் கம்பெனிக்கும் பேசினது, உங்களுக்கு ஏதாவது தேவைன்னா நீங்களும் வந்து கேளுங்க." பாவப்பட்டு "அவங்களுக்கு லேடீஸ் ப்ராப்ளம்பா"ன்னு ஒரு வார்த்தை விட்டீங்கன்னா மத்தியானம் டீக்கடை வரைக்கும் போயிடும். ஆனா அவங்க முணுமுணுப்புல ஒரு நியாயமும் இருக்கும், பெரும்பாலும் பக்கத்து சீட்ல இருக்கற ஒரே ஆள்தான் எல்லா தடவையும் அந்த வேலையையும் சேர்த்து இழுத்துக்கிட்டிருப்பாங்க. அந்த கவரேஜை சுத்தி விடுங்க, ஓவர்டைம் எக்ஸ்ட்ரா வந்தா காசா கொடுங்க. உடம்பை வெச்சு ரெட்டை அர்த்தத்துல கிண்டல் பண்றவங்க யாராவது இருந்தா அது ஜோக் கணக்குல வராது, 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்துல ஐசிக்கு (கம்பெனியோட உள் புகார்க் குழு) போற விஷயம்.

ஆபரேஷன்னு வந்தா

லேப்ராஸ்கோபினா சின்ன ஓட்டைதானே, மூணு நாள்ல வந்துடலாம்னு நினைக்காதீங்க, உள்ள எவ்வளவு எடுத்தாங்கங்கறதைப் பொறுத்து சில வாரம் ஆகும், முதல்ல அரை நாள், எடை தூக்கற வேலை இல்லாமன்னு ஆரம்பிக்கட்டும். ஆபரேஷன் ஆனா முடிஞ்சுதுன்னும் இல்ல, வலி திரும்ப வரலாம், கர்ப்பப்பையே எடுத்தவங்களுக்கும் வரலாம். ஹார்மோன் மாத்திரை ஆரம்பிச்சா முதல் சில மாசம் தலைவலி, மூட் மாறறது, சோர்வு எல்லாம் இருக்கலாம், அந்த சமயத்துல "பர்ஃபார்மன்ஸ் டிப்"னு பிஐபி (வேலையை சரி பண்ணிக்கோன்னு கெடு வைக்கற ப்ளான்) போட்டுடாதீங்க. குரூப் இன்ஷூரன்ஸ் வருஷ ரினியூவல் வரும்போது ப்ரோக்கர்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: பெண்கள் நோய் ஆபரேஷனுக்கு வெயிட்டிங் பீரியட் எடுத்தாச்சா, எண்டோமெட்ரியோசிஸ் க்ளெய்மை "குழந்தையின்மை சிகிச்சை"ன்னு சொல்லித் தள்ளுவாங்களா. எழுத்துல பதில் வாங்குங்க, அட்மிஷன் கவுன்டர்ல நின்னுக்கிட்டு ராத்திரி பத்து மணிக்கு அவங்க வீட்டுக்காரர் உங்களுக்கு ஃபோன் பண்ணும்போது அந்த மெயில்தான் உதவும்.

மூணு மாசத்துக்கு ஒரு தடவை அந்த மெயிலைத் திறந்து எது வேலை செய்யுது, எது செய்யலன்னு அவங்ககிட்டயே கேட்டு மாத்துங்க. உங்களுக்கு ப்ரமோஷன் வந்து வேற ப்ராஜெக்ட் போறீங்கன்னா அவங்ககிட்ட கேட்டுட்டு அந்த ஏற்பாட்டை ஹேண்ட்ஓவர் நோட்ல சேர்த்துடுங்க, இல்லைன்னா புது டிஎல்கிட்ட முதல் நாள்ல இருந்து திரும்பவும் ஃபீவர், ஃபுட் பாய்சன், பாட்டி சீரியஸ்தான். அப்ரைசல் டைம்ல ரேட்டிங் ஷீட்ல "அன்ப்ளான்ட் லீவ்ஸ்"னு ஒரு கட்டம் இருந்தா இந்த நாட்களை அதுல இருந்து கழிச்சுட்டு அனுப்புங்க, மார்ச் மாசம் அவசரத்துல எல்லாரும் மறக்கறது அதைத்தான்.